எடுத்தவன்

கட்டின மனைவி ஓடுவதை வேறொருத்தன் வீடியோ எடுத்திருக்க, அதை ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஆராய்ச்சி பண்ணு என்று எந்தப் புருஷனிடமாவது சொல்வார்களா? அவனிடம் சொன்னார்கள். வேலை என்று வந்துவிட்டால் மானம் ரோஷமெல்லாம் பார்க்க முடியுமா? அவன் பார்த்தான். அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.

அலுவலகத்தில் அவனுக்கு ப்ளர்காரன் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்ப மாட்டான். முழுப் படத்தையும் கம்ப்யூட்டரிலேயே செய்கிற ஸ்டூடியோ அது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே இவர்கள். வெளிச்சம் வந்துவிடக் கூடாது என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஒருத்தர் உருவம் செய்வார், ஒருத்தர் அதை நடக்கவைப்பார், ஒருத்தர் விளக்குப் போடுவார். கடைசியில் எல்லாம் இவன் மேஜைக்கு வரும்.

நிஜக் கேமராவில் ஷட்டர் என்று ஒரு கதவு உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அது கொஞ்ச நேரம் திறந்து மூடும். திறந்திருக்கிற நேரத்துக்குள் கையை வீசினால் கை தீற்றலாக விழும், காலை எடுத்துவைத்தால் கால் தீற்றலாக விழும். ப்ளர் என்கிற அந்தத் தீற்றலைப் பார்த்துத்தான் நம் கண் ஓட்டம் என்று ஒத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டரிலோ கேமராவும் கிடையாது, கதவும் கிடையாது. அங்கே பிறக்கிற படம் ஒவ்வொன்றும் அநியாயத்துக்குத் தெளிவாக இருக்கும். ஓட்டிப் பார்த்தால் ஆள் வெட்டி வெட்டி இழுப்பான். ஆகவே கதவு திறக்கும்போது கை எங்கே இருந்தது, மூடும்போது எங்கே போயிருந்தது என்று கணக்குப் பார்த்து, நடுவில் உள்ளதைத் தீற்றிவிட வேண்டும். இல்லாத கேமராவை இருப்பதாக நம்பவைக்கிற சுத்தமான பித்தலாட்டம். அந்தப் பித்தலாட்டத்தில் அவனை அடித்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

அவன் மனைவியும் அதே ஸ்டூடியோதான். உருவங்களை நடக்கவும் சிரிக்கவும் வைக்கிற அனிமேட்டர். இரண்டு பேரும் அங்கேயே பார்த்து, அங்கேயே பிடித்துப்போய், அங்கிருந்தே கல்யாணத்துக்கு லீவு போட்டவர்கள். ஆனால் பாவம், வந்த நாளிலிருந்து அவளுக்குக் கொடுத்ததெல்லாம் கூட்டத்தில் நடக்கிற ஆள், தூரத்தில் பறக்கிற காக்கா, காற்றில் ஆடுகிற துணி. இந்தப் படத்தில்தான் முதல்முறையாக அவளை நம்பி ஒரு முகத்தைக் கொடுத்திருந்தார்கள்.

அக்கா ஏறிப்போகிற பஸ்ஸோடு ஒரு சின்னப் பெண் ஓடுகிறாள். ஓடிக்கொண்டே ஒரு தரம் நம் பக்கம் திரும்புகிறாள். அழுகை முட்டி, உதடு துடித்து, அதை அமுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அந்த உதட்டுத் துடிப்புக்காக அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் காய் நறுக்கும்போதுகூட உதட்டைக் கடித்துவிட்டுச் சிரித்துப் பார்ப்பாள். அந்த ஷாட் நன்றாக வந்தால் இனி காக்கா பறக்கவிட வேண்டாம். வராவிட்டால் ஆயுசுக்கும் காக்காதான்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தார் கேமராமேன். நிஜப் படங்களில் நிஜக் கேமராவைத் தோளில் தூக்கியவர். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கேமராவை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர டைரக்டர் மேடம் அழைத்து வந்திருந்தார். நல்ல உயரம். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, குரலில் ஒரு பிசிறு இருக்காது. நடந்தால் தலையில் நிறைகுடம் இருப்பது மாதிரி அலுங்காமல் நடப்பார். மனுஷனிடம் ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று ப்ளர்காரன் எவ்வளவோ முயன்று பார்த்தான், கிடைக்கவில்லை. அதுவே பெரிய குறையாகத் தெரிந்தது.

ஒருநாள் கேமராமேனும் அவளும் தெருவில் போய், அவள் ஓடிக் காட்ட, அவர் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டம் எப்படி இருக்கும் என்று பார்த்துச் செய்வதற்கு எல்லா அனிமேட்டர்களும் செய்கிற காரியம்தான். போகும்போது சாதாரணமாகத்தான் போனார்கள். வரும்போது படியேறிக்கொண்டே அவள் சிரித்த சிரிப்பு மேலே மேஜை வரைக்கும் கேட்டது. தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தான். சட்டென்று ஞாபகம் வரவில்லை. வயிறு எரிய ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவன் பல் பிடுங்கப் போய்விட்டான். அவன் இல்லாத நேரத்தில் மீட்டிங் நடந்திருக்கிறது. கன்னம் வீங்கித் திரும்பி வந்தபோது, கேமராமேன் பெயர் போட்ட ஃபோல்டரில் ஒரு சின்ன வீடியோ காத்திருந்தது. கூடவே மேடத்தின் குறிப்பு: யாரோ வீட்டு ஆள் போனைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி எடுத்த மாதிரி இருக்க வேண்டும், இந்த க்ளிப்பில் உள்ள கேமரா ஆட்டமும் ப்ளரும் அப்படியே வேண்டும்.

திறந்து பார்த்தான். சத்தத்தை எடுத்திருந்தார்கள், நிறத்தையும் எடுத்திருந்தார்கள். அளவு பார்க்கிறவனுக்கு இரண்டும் தேவையில்லை. கறுப்பு வெள்ளையில் அவன் மனைவி ஓடினாள். பின்னால் தெருவா, கடையா, மரமா என்று ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போனது. அவள் முகம் மட்டும், நெற்றியில் ஒட்டிய முடி உட்பட, கழுவி வைத்த மாதிரி தெளிவாக இருந்தது. கடைசியில் திரும்பிச் சிரித்து, எடுப்பவனிடம் ஏதோ சொன்னாள்.

மற்றவர்கள் பார்த்தால் நல்ல வீடியோ என்பார்கள். அவன் தொழில் அப்படிப் பார்க்க விடாது. ஓடுகிற ஆள் தெளிவாகவும் நிற்கிற ஊர் தீற்றலாகவும் விழ வேண்டுமானால், எடுக்கிறவன் அந்த ஆள் போகிற வேகத்துக்குச் சரியாகக் கண்ணையும் கையையும் செலுத்த வேண்டும். ஒரு மயிரிழை பிந்தினாலும் முந்தினாலும் முகம் இழுத்துவிடும். ஆற அமர ஸ்டாண்ட் போட்டு எடுக்கிறவர்களுக்கே பாதி தப்பிப்போகும். இவன் ஓடிக்கொண்டே எடுத்திருக்கிறான். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அவள் முகத்தை விடவே இல்லை. வேலைக்காக எடுக்கிறவன் கை இப்படிப் போகாது. ஆசைப்படுகிறவன் கைதான் போகும்.

அவள் உதட்டையும் நிறுத்தி நிறுத்திப் படித்தான். முதலில் குவிந்தது, பிறகு திறந்தது. ‘கூட வா’ என்று படித்துக்கொண்டான். பொறாமை எப்போது ஒழுங்காக எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறது? பிடுங்கின பல் இருந்த இடத்தில் விண் விண் என்று தெறித்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனான். மூன்றாவது மாடி. அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே இடது கால் கொஞ்சம் குட்டை; அந்தக் கால் செருப்புக்கு மட்டும் அடியில் தடித்த அட்டை வைத்துத் தைத்திருக்கும். படியேறினால் ஒரு டக்கு, ஒரு டொக்கு. அவர்களோடேயே இருந்த மாமியார் அந்தச் சத்தத்துக்குத்தான் சாப்பாட்டைச் சூடுபண்ணுவார். அன்றைக்கும் தட்டு தயாராக இருந்தது.

“என்ன மாப்பிள்ளை, பல்லு இன்னும் வலிக்குதா? சோத்தை அப்படி முறைக்கிறீங்க” என்றார் மாமியார்.

இல்லை அத்தை, பசியில்லை என்று சொல்லி மென்று விழுங்கினான். சோற்றை மட்டும் அல்ல. மாமியார் உள்ளே போனதும் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு குறுகுறுப்பு. ஏதோ ஒளித்து வைத்துக்கொண்டு, கண்டுபிடி பார்க்கலாம் என்கிற மாதிரி.

“அந்த க்ளிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் எடுத்திருக்கான்.”

அவள் பொத்துக்கொண்டு சிரித்தாள். “கை கொஞ்சம் ஆடுது. ஆனா எடுத்தவனுக்கு என் மேல ரொம்பத்தான் ஆசை போல.”

“கண்ணை உன்னை விட்டு எடுக்கவே இல்லையே.”

“ஏன் எடுக்கணும்?” என்றாள்.

இதைவிட நெஞ்சழுத்தம் உண்டா? புருஷன் முகத்துக்கு நேரே, அவன் சாப்பிடுகிற தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு! அவன் எழுந்து போய்க் கையைக் கழுவினான். கழுவின கையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றான். அவள் கொஞ்ச நேரம் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகத்திலிருந்த குறுகுறுப்பு போய்விட்டது. அதை அவன் பார்க்கவில்லை.

அடுத்த சில நாள் அவன் அந்த க்ளிப்பைத் தொடவில்லை. தொடக் கை கூசியது. எப்போதோ செய்து வைத்திருந்த ஒரு பழைய கேமரா ஆட்டத்தை எடுத்து அந்த ஷாட்டில் போட்டான். பிறகு ஷட்டர் கதவுக்கு வந்தான். வழக்கமாக ஒரு படத்தின் நேரத்தில் பாதிக்குத்தான் கதவைத் திறந்து வைப்பது. நிஜக் கேமராக்காரர்களும் அப்படித்தான். அவன் முழுசாகத் திறந்தான். அதற்கும் மேலே திறந்தான். கம்ப்யூட்டருக்குக் கேட்கவா தெரியும், திறந்தது. அந்தச் சின்னப் பெண் திரும்பினபோது கண்ணும் மூக்கும் உதடும் ஒன்றோடொன்று கலந்து, ஈரச் சுவரில் கையை வைத்துத் துடைத்த மாதிரி ஆயிற்று. மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த துடிப்பு அதற்குள் எங்கேயோ கிடந்தது. அவனுக்குக் கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது. அடுத்த நிமிஷமே பழைய அளவைத் திரும்பப் போடக் கை போயிற்று. அதற்காக மாற்றினானா என்றால், இல்லை.

போட்டுக் காட்டுகிற அன்றைக்கு எல்லாரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஷாட் ஓடி முடிந்தது. மேடம் திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும் ஓடியது.

“பொண்ணு முகம் எங்க?” என்றார் மேடம்.

நிஜக் கேமராவில் அந்த வேகத்துக்குத் திரும்பினால் முகம் இழுக்கத்தான் செய்யும் என்று ப்ளர்காரன் விளக்கம் சொன்னான். தொழில் தெரிந்தவன் பொய் சொன்னால் யார் என்ன செய்வது? கேமராமேன்தான் மெதுவாக வாயைத் திறந்தார். சார் சொல்வது சரிதான், இருந்தாலும் ஷட்டர் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் என்றார். அவளுக்குப் பரிந்துகொண்டு வருகிறான் பார், என்று ப்ளர்காரன் பல்லைக் கடித்தான். கதவைப் பழையபடி வைத்துவிடலாம் என்று தொண்டை வரை வந்திருந்தது, அந்தப் பேச்சைக் கேட்டதும் உள்ளேயே போய்விட்டது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் தெரியாவிட்டால் அவள் திரும்பவே வேண்டாம், முதுகைக் காட்டியே முடித்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் பார்ப்பேன், அதற்குமேல் பார்க்க நேரம் இல்லை என்று எழுந்துவிட்டார். அவன் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. அழவும் இல்லை. மடியில் வைத்திருந்த கையை ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவன் மேஜைக்கு வந்தாள். வீட்டில் பேசுகிற குரலில் பேசவில்லை.

“அந்த க்ளிப்ல என் முகம் தெரியுதுல்ல? நானும் அதே வேகத்துலதானே திரும்புறேன். அதுல இருக்கிற கேமராவை அப்படியே எடுத்து இதுல வை. நான் வேற எதுவும் கேக்கல.”

அவன் சரி என்றான். வேறு என்ன சொல்வது? அவள் போன பிறகு க்ளிப்பைத் திறந்தான்.

பின்னால் ஓடின கோடுகளில் சில வெளிச்சக் கோடுகள் இருந்தன. விளக்கோ, கடைக் கண்ணாடியோ, என்னவோ. விளக்கு நின்ற இடத்தில்தான் நின்றிருக்கும், நகர்ந்தது கேமரா. ஆகவே ஒவ்வொரு படத்திலும் அந்த வெளிச்சக் கோடு எப்படி வளைகிறதோ, எடுத்தவன் கை அப்படித்தான் வளைந்திருக்கிறது. கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் அவன் எந்த வழியில், எந்த உயரத்தில், எப்படி ஓடினான் என்று முழுசாகக் கிடைத்துவிடும். வேறு யாருக்காவது இதைச் செய்தால் அவனுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். இன்றைக்கு, மனைவியைத் துரத்தினவன் காலடியைக் குனிந்து குனிந்து பொறுக்குகிறவன் மாதிரி இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் அந்த ஆளைக் கரித்துக் கொட்டிக்கொண்டே வேலை செய்தான்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. கம்ப்யூட்டர் அந்தக் கேமரா போன பாதையை ஒரு வளைகோடாகப் போட்டுக் காட்டியது. ஓடுகிறவன் கையில் உள்ள கேமரா ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கும், தெரிந்ததுதான். ஆனால் இது ஒரு பெரிய மேடு, ஒரு சின்ன மேடு, ஒரு பெரிய மேடு, ஒரு சின்ன மேடு என்று போயிற்று. கணக்கில் பிசகு என்று நினைத்து முதலிலிருந்து செய்தான். அதே மேடுகள்தான் திரும்ப வந்தன. எடுத்தவனுக்கு இரண்டு காலும் ஒரே மாதிரி ஊன்றவில்லை.

பயல் எங்கேயோ காலை இடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான் என்று நினைத்ததும் அவனுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! நிறைகுட நடையாம், நிறைகுட நடை. அந்த நடையில் ஒரு கோணலைக் கண்ணால் பார்த்துவிட்டால் இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடலாம். எழுந்து வராந்தாவுக்குப் போனான். கேமராமேன் தண்ணீர் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். ப்ளர்காரன் தூணோரம் ஒதுங்கி நின்று அவர் காலையே பார்த்தான். வலது, இடது, வலது, இடது. அடிக்கோல் வைத்து அளந்த மாதிரி. நிரம்பின தம்ளரோடு திரும்பி வந்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை.

“என்ன சார், என் காலையே பாக்குறீங்க?” என்றார் கேமராமேன்.

ப்ளர்காரனுக்கு வாய் குழறியது. ஒன்றுமில்லை, அந்த க்ளிப் எடுத்தபோது காலில் ஏதாவது அடிபட்டிருந்ததா என்று கேட்டுவைத்தான்.

“அந்த க்ளிப் நான் எடுக்கல சார். நான் எடுத்ததைத்தான் மேடம் வேண்டாம்னுட்டாங்களே. ஒழுங்கா இருக்கு, உயிர் இல்லன்னு. அப்புறம் உங்க மிஸஸ்தான் அவங்க பழைய போன்ல இருந்து இதைக் கொண்டுவந்து என் ஃபோல்டர்ல போட்டாங்க. யார் எடுத்ததுன்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க. எனக்கெல்லாம் அப்படி எடுக்க வராது.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ப்ளர்காரனுக்குத் தலை சுற்றியது. பழைய போனா? அப்படியானால் இது நேற்று இன்று நடந்தது இல்லை. இவரும் இல்லை என்றால் எவன்? இவராவது கண்ணெதிரில் இருந்தார், முறைக்க வசதியாக இருந்தது. பெயர் தெரியாத ஒருத்தனை எங்கே போய்த் தேடி முறைப்பது? பொறாமை புதுசாகப் பற்றிக்கொள்ள, வேகமாகத் தன் மேஜைக்குத் திரும்பி நடந்தான்.

வராந்தா காலியாக இருந்தது. தரையில் அவன் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு டக்கு, ஒரு டொக்கு. ஒரு டக்கு, ஒரு டொக்கு.

நின்றான். சத்தமும் நின்றது.

தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு. ஒரு பெரிய மேடு, ஒரு சின்ன மேடு. பிறந்ததிலிருந்து கூடவே வருகிற நடை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், மாமியார் சாப்பாட்டைச் சூடுபண்ணுவதே அதைக் கேட்டுத்தான். அவனுக்கு மட்டும், படம் போட்டுக் காட்டியும் தெரியவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவளுடைய போன் இவன் கையில். கொடுக்காமல் வம்பு பண்ணிக்கொண்டு, அதிலேயே அவளை வீடியோ எடுத்தபடி கூடவே ஓடினான். கால் வலித்ததுகூட அன்றைக்குத் தெரியவில்லை. அவள் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகப் போனை நீட்டினான். பஸ் போய்விட்டது, போனும் போய்விட்டது. எடுத்ததை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் திரும்பிச் சிரித்துச் சொன்னது ‘கூட வா’ இல்லை. ‘குடுடா’.

நேரே அவள் மேஜைக்குப் போனான். போகாமல் இருந்திருக்கலாம். பேசாமல் கதவைப் பழையபடி வைத்து, வேலையை முடித்துக் கொடுத்திருந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அவனுக்கு இருந்த தவிப்பில் வாய் முந்திக்கொண்டது.

“அந்த க்ளிப்… நான் எடுத்ததா?”

“இல்ல, பக்கத்து வீட்டுக்காரன் எடுத்தான்” என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். “இரு. உனக்குத் தெரியாதா?”

அவன் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

“அப்ப அன்னைக்கு நல்லா எடுத்திருக்கான்னியே. அது யாரை?”

வாயைக் கட்டினவனுக்குக் கண்ணைக் கட்டத் தெரியவில்லை. கண் தானாகக் கேமராமேன் அறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டு விளையாடுகிறான் என்று நினைத்துத்தானே அவளும் அன்றைக்கு ஈடு கொடுத்துப் பேசினாள்? அந்த விளையாட்டுக்குப் பிறகு அவன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒவ்வொரு வார்த்தையாகப் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தாள். வந்து, அந்த ஷாட்டில் நின்றாள்.

“முகம் இழுத்துக்கிட்டது கேமரா இழுத்தது இல்ல” என்றாள். “நீ இழுத்தது.”

“தப்புதான்.”

“என்னைச் சந்தேகப்பட்டே, சரி. எனக்கு வாய் இருக்கு, திருப்பிக் கேப்பேன். அந்தப் பொண்ணு உன்னை என்னப்பா பண்ணுச்சு?”

திரையில் அந்தச் சின்னப் பெண், நிறம்கூட ஏற்றாமல், சாம்பல் பொம்மையாக உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

“போய்க் கதவைப் பழையபடி வை” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

வைத்தான். பாதிக்குத்தான் திறந்தான். க்ளிப்பிலிருந்து எடுத்த அந்த நொண்டிக் கேமராவை, ஒரு மேட்டைக்கூடச் சமன் செய்யாமல் அப்படியே ஷாட்டில் ஏற்றினான். வெள்ளிக்கிழமை திரையில் ஓடியது. பஸ் இழுத்துக்கொண்டு போயிற்று, தெரு இழுத்துக்கொண்டு போயிற்று, அந்தப் பெண்ணின் காலும் கையும் தீற்றலாக வீசின. அவள் திரும்பினாள். உதடு துடித்தது, எல்லாருக்கும் தெரிந்தது. சிரித்தாள். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மேடம் திரும்பப் போடச் சொல்லவில்லை. இதுதான், தொடாதீங்க என்றார். பிறகு அவன் மனைவியைப் பார்த்து, அடுத்த படத்தில் உனக்கு ஒரு முழு ஆள் உண்டு என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ப்ளர்காரனும் தட்டினான். தட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“அந்த க்ளிப் யார் எடுத்தது? டைட்டில்ல நன்றி போடணும்” என்றார் மேடம்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், மேடம். பாத்து ரொம்ப நாளாச்சு” என்றாள்.

“குடுத்து வச்ச மனுஷன்” என்றார் கேமராமேன், பாவம், ஒன்றும் தெரியாமல்.

இவ்வளவுக்குப் பிறகும் ப்ளர்காரனுக்குப் பொறாமை தீரவில்லை. தீரும் என்று நினைத்தான், இன்னும் கூடிவிட்டது. கேமராமேனிடம் அல்ல, அவரை நினைத்தால் வெட்கம்தான் வந்தது. அந்த ஓடினவன் மேல் பொறாமை. கால் வலிப்பதும் தெரியாமல், தெருவில் என்ன இருக்கிறது என்றும் தெரியாமல், ஒருத்தி முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடின அந்த மடையன் மேல். அவளை அப்படிச் சிரிக்கவைக்க அவனுக்குத் தெரிந்திருந்தது. பல்லும் பசியும் பார்த்துக்கொண்டு, மனைவி சிரித்தால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கணக்குப் பார்க்கிற இந்த ஆளுக்குத் தெரியவில்லை. அவள் தேடுகிறதும் அவனைத்தான், இவனை இல்லை.

சாயங்காலம் அவள் முன்னால் போனாள். அவன் பின்னால் டக்கு டொக்கு என்று போனான். சத்தம் கேட்டிருக்கும், அவள் நிற்கவில்லை. பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்தாள். அவன் வந்து நின்றான். அவள் பையை எடுக்கவில்லை. பின்னால் வேறு இடங்கள் காலியாக இருந்தன. அவன் போகவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

பஸ் கிளம்பி வேகம் பிடித்தது. நின்றுகொண்டு வருகிறவனுக்குக் குட்டைக் கால் ஒரு இடத்தில் நிற்காது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. சாய்ந்தாலும் அவன் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்ன அப்படியே பாத்துக்கிட்டு வர்றே?” என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடியே.

அவன் கம்பியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, பார்த்தபடியே வந்தான். அவளும் திரும்பவில்லை, பையையும் எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடைகளும் விளக்குகளும் ஆட்களும் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போயின. அவள் முகம் மட்டும் தெளிவாக இருந்தது.